மேஜை விலை 32,000, அனுப்பும் செலவு 9,000: என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் தச்சுவேலை செய்கிறார். தென்காசி பக்கம் சொந்தப் பட்டறை இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் படம் போட்டு விற்கிறோம். ஆர்டர் பேசுவது, பணம் வாங்குவது, அனுப்பி வைப்பது எல்லாம் என் பொறுப்பு. தேக்கில் டைனிங் டேபிள், கட்டில், ஊஞ்சல், படிப்பு மேஜை செய்கிறோம். நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், ஆனால் டெலிவரி சார்ஜ் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. சென்ற மாதம் சென்னையிலிருந்து நான்கு பேர் உட்காரும் டைனிங் செட்டுக்கு ஓர் ஆர்டர், விலை 32,000. பார்சல் ஆபீஸில் வீடு வரை கொண்டுபோய்க் கொடுக்க 9,000 கேட்டார்கள். தனி வண்டி என்றால் 20,000. அதற்கு முன் கோவைக்கு அனுப்பிய மேஜை கால் உடைந்து போய்ச் சேர்ந்தது. கேட்டால், "ஓனர்ஸ் ரிஸ்க்னு ரசீதுலயே போட்டிருக்கே" என்று கையை விரித்துவிட்டார்கள், அதாவது உடைந்தால் அனுப்பியவர் பொறுப்பாம். பெரிய கம்பெனிகள் மாதிரி நாங்களும் 'ஃப்ரீ டெலிவரி' என்று போட்டுவிடலாமா? பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். கட்டுப்படியாகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: வணக்கம் சகோதரி. 9,000 என்றதும் பார்சல் ஆபீஸ்காரர்கள் அநியாயம் செய்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். புக்கிங் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தொகையில் பெரும்பங்கு உங்கள் மேஜைக்குக் கீழே இருக்கும் காலி இடத்துக்கான வாடகை. ஆகவே எந்த லாரி மலிவு என்று தேடுவதற்கு முன்னால் பட்டறையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

சரக்கு கவுன்டருக்கு வந்ததும் கிளார்க் என்ன செய்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். தராசில் ஏற்றுவார், அப்புறம் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளப்பார். மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கினால் கன அடி. ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சிலர் 6 கிலோ போடுவார்கள், சிலர் 8, சிலர் 10. தராசு எடை, இந்த அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். கூரியர்காரர்கள் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். விஷயம் ஒன்றுதான்.

உங்கள் டைனிங் செட்டையே எடுத்துக்கொள்வோம். மேஜை 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 25 கன அடி. நாற்காலி ஒன்று ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, முதுகோடு சேர்த்து 3 அடி உயரம், 6.75 கன அடி. நான்குக்கு 27. மொத்தம் 52 கன அடி. கன அடிக்கு 8 கிலோ கணக்கில் 416 கிலோ! தராசில் வைத்தால் பேக்கிங்கோடு சேர்த்தே 70 கிலோவைத் தாண்டாது. 70 கிலோ சரக்கை அனுப்ப நீங்கள் 416 கிலோவுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

இப்போது மேஜையின் கால்களைக் கழற்றிப் பலகைக்கு அடியில் படுக்க வைத்துக் கட்டுங்கள். 4 அடி, இரண்டரை அடி, அரை அடி கனம். 25 கன அடி 5 ஆகிவிட்டது. நாற்காலிகளைக் கழற்ற வேண்டாம். ஒன்றை நேராக நிறுத்தி, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி ஆசனத்தின் மேல் ஆசனம் படும்படி கவிழ்த்து, முதுகுகள் எதிரெதிர்ப் பக்கம் வருமாறு கட்டினால், ஒரு ஜோடி ஏறக்குறைய ஒரே நாற்காலியின் இடத்தில் அடங்கும். தாராளமாக 8 கன அடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடிக்கு 16. மேஜையோடு சேர்த்து 21 கன அடி, அதாவது 168 கிலோ. உங்களிடம் கேட்ட அதே ரேட்டில் கணக்குப் போட்டால் 9,000 ரூபாய் சுமார் 3,600க்கு இறங்கும். புக்கிங் சார்ஜ், டோர் டெலிவரி மாதிரி குறையாத செலவுகளும் உண்டு, அதனால் கொஞ்சம் கூடவே வரும். ஆனாலும் 32,000 ரூபாய் சாமானுக்கு நாலாயிரம் சொச்சம் என்றால் வாடிக்கையாளர் பேச்சை நிறுத்த மாட்டார்.

"கழற்றி மாட்டுற மேஜை ஆடும், அது என் வேலைக்கு அழகில்லை" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். கழுந்தும் துளையுமாக இறுக்கிய சேர்ப்பை விட்டுப் போல்ட்டுக்குப் போக எந்த நல்ல தச்சருக்கும் மனம் வராது. ஆனால் கட்டிலில் அவர் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்? தலைமாட்டுச் சட்டம் தனி, கால்மாட்டுச் சட்டம் தனி, பக்கச் சட்டங்கள் தனி. மேஜையிலும் அதையே செய்யலாம். ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் நடுவில் வரும் குட்டைச் சட்டத்தையும் வழக்கம்போலக் கழுந்து வைத்து ஒட்டி ஒரே பிரேமாக்கிவிடட்டும். இரண்டு பிரேம்களையும் சேர்க்கும் நீளச் சட்டங்கள் மட்டும் போல்ட்டில் வரட்டும். 8 எம்எம் ஆலன் போல்ட் (ஆறுமூலைச் சாவியால் இறுக்குவது), மரத்துக்குள் பேரல் நட் (போல்ட்டைப் பிடிக்கும் உருளை நட்). மரத்தில் நேராக ஏற்றும் ஸ்குரூ இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். நட் வைத்த போல்ட்டுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆட்டம் கண்டால் வாடிக்கையாளரே சாவி போட்டு இறுக்கிக்கொள்வார்.

ஸ்வீடனின் ஐகியா கம்பெனி கழற்றி அனுப்பும் முறைக்கு வந்த கதையும் இதுவேதான். 1956இல் அங்கே வேலை பார்த்த ஒருவர் ஒரு மேஜையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. நம் ஊர்த் தேக்கு மேஜை அவர்கள் பலகையைவிடப் பல மடங்கு உசத்தி என்பது என் கட்சி. ஆனால் லாரியில் ஏற்றும் விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கண்ணாடி மேற்பலகை, கிரானைட், மெத்தை இவற்றை அனுப்பவே அனுப்பாதீர்கள். அளவைச் சொல்லிவிட்டால் சென்னையிலேயே கண்ணாடிக் கடையில் வெட்டி, ஓரம் தேய்த்துக் கொடுப்பார்கள். விலையில் அதைக் கழித்துவிடுங்கள்.

ஊஞ்சல் விஷயமே வேறு. 6 அடிக்கு 2 அடி, இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு தேக்குப் பலகை வெறும் 2 கன அடிதான். ஆனால் எடை 35 கிலோவுக்கு மேல் வரும். இங்கே தராசு எடைக்குத்தான் பில். காலி இடத்துக்கு ஒரு பைசா கிடையாது. விலைக்கும் அனுப்பும் செலவுக்கும் உள்ள விகிதத்தில் நீங்கள் செய்கிற சாமான்களிலேயே ஊஞ்சல்தான் வெளியூருக்கு மிகத் தோதானது. வெளியூர் வாடிக்கையாளர் பார்க்கும் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஊஞ்சலை முன்னால் வையுங்கள், பெரிய பீரோ மாதிரி சாமான்களை உள்ளூருக்கு என்று ஒதுக்குங்கள். சங்கிலியைப் பலகையோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், வழி முழுக்க உரசிப் பாலீஷைச் சுரண்டிவிடும். தனிச் சாக்கில் போடுங்கள்.

கோவை மேஜையின் கால் எப்படி உடைந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பார்சல் கோடவுனில் சுமை தூக்குகிறவர் ஒரு ராத்திரியில் எத்தனையோ கட்டுகளை இறக்கி ஏற்ற வேண்டும். காலோடு நிற்கும் மேஜையைப் பார்த்தால் தூக்கத் தோன்றாது, இழுக்கத்தான் தோன்றும். சிமென்ட் தரையில் ஒரு சின்னப் பள்ளம் போதும், கால் சேர்ப்போடு பிளந்துவிடும். போதாததற்கு அந்த மேஜைக்கு மேல் இன்னொருவருடைய அரிசி மூட்டை ஏறியிருக்கும். கால் கழற்றிய கட்டு தட்டையாக இருக்கிறது; அதை இழுக்க முடியாது, தூக்கித்தான் ஆக வேண்டும். சுவரோரம் நிறுத்தி வைக்கத் தோது. ஆகவே கால் கழற்றுவது கூலியையும் குறைக்கிறது, உடைசலையும் குறைக்கிறது.

பேக்கிங்கில் காசைக் கொட்ட வேண்டியது மூலைகளுக்கு. அடி விழுவது அங்கேதான். நெளி அட்டையை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து நான்கு மூலைக்கும் தொப்பி மாதிரி போட்டு, ஓரம் முழுக்க அட்டைச் சட்டம் வைத்துவிட்டு அதற்கு மேல் பபுள் ஷீட்டைச் சுற்றுங்கள். பாலீஷ் போட்ட மேற்பரப்பில் பபுள் ஷீட்டை நேராகச் சுற்றக் கூடாது. பாலீஷ் முழுதாக இறுகியிருக்காவிட்டால், லாரிச் சூட்டில் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முதலில் மெல்லிய ஃபோம் ஷீட், அப்புறம் மூலை, ஓர அட்டைகள், பிறகு பபுள், அதற்கு மேல் இன்னொரு அட்டை, கடைசியாக ஸ்ட்ரெச் ஃபிலிம். பாலீஷ் அடித்த மறுநாளே கட்டாதீர்கள், சில நாள் காற்றாட விடுங்கள். கயிறு போகும் இடத்தில் அட்டை வைக்காவிட்டால் கயிறு மரத்தை அறுக்கும்.

போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு மேற்பலகையின் அடிப்புறத்தில் டேப் ஒட்டி அனுப்புங்கள். தனியாகக் கொடுத்தால் காணாமல் போகும். இரண்டு போல்ட் கூடுதலாகவும் ஆலன் சாவி ஒன்றும் அதே பையில் இருக்கட்டும். பட்டறையில் ஒரு தடவை முழுதாக மாட்டிப் பார்த்து, சேரும் இடங்களில் 1-1, 2-2 என்று பென்சிலால் குறியுங்கள். உங்கள் கணவர் மாட்டிக்காட்டும் வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் போதும், இதற்கென்று ஒரு ஆள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். பார்சல் ஆபீஸில் "சென்னைக்கு எவ்வளவு?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். பட்டறையிலிருந்து அவர்கள் கோடவுனுக்கு, அங்கிருந்து சென்னை கோடவுனுக்கு, சென்னை கோடவுனிலிருந்து வீட்டுக்கு என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஏற்று இறக்குக் கூலி, எல்.ஆர். (லாரி ரசீது) சார்ஜ் தனியா சேர்த்தா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ள நீண்ட தூரம்தான் மலிவு. கடைசிச் சில கிலோமீட்டர்தான் விலையை ஏற்றும். பெரிய லாரிகள் பகலில் சென்னைக்குள் வர நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, மாடி ஏற்ற ஆள் வேண்டும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மறுபடியும் வர வேண்டும். இதையெல்லாம் நினைத்துத்தான் டோர் டெலிவரிக்குக் கணிசமாகப் போடுகிறார்கள்.

அதனால் கோடவுன் டெலிவரி என்று புக் செய்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு வாடிக்கையாளரே ஒரு குட்டி யானையோ லோடு ஆட்டோவோ பிடித்துக்கொள்ளும் வழியையும் சொல்லுங்கள். சென்னை, கோவை, பெங்களூரில் போர்ட்டர் மாதிரி ஆப்பில் நீங்களே இங்கிருந்து வண்டி புக் செய்து கொடுக்கலாம். சரக்கு வந்துவிட்டது என்று போன் வந்தால் உடனே எடுக்கச் சொல்ல வேண்டும். நாள் கடந்தால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பதெல்லாம் ஆர்டர் பேசும்போதே தெரிய வேண்டும். விலை சொல்வதற்கு முன் பின்கோடு, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வாசல் வரை வண்டி வருமா, இந்த நான்கையும் கேட்டுவிடுங்கள்.

நான் அதிகம் சிபாரிசு செய்வது திரும்பும் வண்டியைத்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வீடு மாறி உங்கள் பக்கம் வருகிறவர்களின் சாமான்களைப் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வண்டிகள் தென்காசி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று இறக்கிவிட்டு, பல நேரம் காலியாகவோ அரை லோடோடோ திரும்புகின்றன. டிரைவருக்கு டீசல் காசாவது கிடைத்தால் போதும் என்ற நிலை. மரச் சாமானை எப்படிப் பிடிக்க வேண்டும், எதற்குப் போர்வை சுற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இடையில் கோடவுன் மாற்றமும் கிடையாது, இங்கே ஏற்றினால் அங்கே இறக்குவதுதான். உங்கள் வட்டாரத்துக்கு அடிக்கடி வரும் நான்கைந்து வண்டிக்காரர்களின் நம்பரைச் சேர்த்து வையுங்கள். தேதியை மட்டும் அவர்கள் வசதிக்கு விட்டுவிட வேண்டும். "10ஆம் தேதிக்குள் வேண்டும்" என்கிற வாடிக்கையாளருக்கு இது ஒத்துவராது. "இரண்டு வாரத்துக்குள் வந்தால் போதும்" என்பவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. டிரைவர் தெரிந்தவர் என்பதால் வெறும் வாய்ப்பேச்சோடு அனுப்பிவிடாதீர்கள். பில் நகல், வண்டி எண், டிரைவர் லைசன்ஸ் போட்டோ, ஏற்றியபோது எடுத்த படங்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆர்டர் கொஞ்சம் கூடினதும், தேதி வைத்து அனுப்பும் முறைக்கு மாறுங்கள். மாதத்தில் இரண்டு நாளைச் சென்னை வண்டிக்கென்று ஒதுக்கி, அதை இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். தனி வண்டிக்கு 20,000 என்றார்களே, அதில் கழற்றிக் கட்டிய ஐந்து செட் ஏறினால் ஒன்றுக்கு 4,000தான், அதுவும் வீட்டு வாசல் வரை. மதுரை, திருச்சி என்று வழியில் இறக்குவதற்கு ஆர்டர் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுங்கள். இதை மறந்தால் திருச்சியில் நடுரோட்டில் பாதி வண்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

ரயில் பார்சல் பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதும் அங்கே போய் எடுப்பதும் நம் தலையில்தான் விழும், பிளாட்பாரத்தில் கைமாறும் தடவையும் அதிகம். மேஜை நாற்காலிக்கு நான் சொல்ல மாட்டேன்.

'ஃப்ரீ டெலிவரி' வேண்டாம். பெரிய கம்பெனிகளுக்கு ஊருக்கு ஊர் கோடவுன் இருக்கிறது, தினமும் ஓடும் வண்டி இருக்கிறது. நீங்கள் அந்தச் செலவை விலையில் ஏற்றினால், திருநெல்வேலியில் இருந்து வருகிறவரும் சென்னைக் கூலியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்து ஊர்க் கடையில் மலிவாக இருக்கிறதே என்று அவர் போய்விடுவார். பட்டறை விலை ஒன்று, ஊர்வாரியாக அனுப்பும் செலவு ஒன்று என்று படத்துக்குக் கீழேயே போடுங்கள். செலவு எவ்வளவோ என்று தெரியாமல் இன்பாக்ஸில் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, கடைசியில் ஒரு பெரிய தொகையைப் பார்க்கும்போதுதான் ஆட்கள் ஓடுகிறார்கள். முதலிலேயே தெரிந்தால் ஓடுகிறவர்கள் குறைவு. தென்காசி, திருநெல்வேலிக்குள் மட்டும் இலவசம் என்று வேண்டுமானால் போடலாம். உங்கள் பக்கத்து லோடு ஆட்டோவில் முடிந்துவிடும்.

ஓனர்ஸ் ரிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். புக்கிங்கில் சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதினால் கூலி குறையும் என்று கவுன்டரிலேயே சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007இன்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் ரேட்டைக் கட்டாதவருக்கு நஷ்டஈட்டில் உச்சவரம்பு உண்டு. ஆகவே உண்மையான மதிப்பை எழுதி, "கேரியர்ஸ் ரிஸ்க்குல புக் பண்ணா எவ்வளவு?" என்று கேளுங்கள், அதாவது சேதத்துக்கு லாரிக் கம்பெனி பொறுப்பு. உடைந்து போனால், சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குக்கே போக முடியும். போனில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது. கோவை மேஜைக்கு அந்தக் கெடு இன்னும் தாண்டவில்லை என்றால், எல்.ஆர். நம்பர், உடைந்த படம், பழுது பார்த்த செலவு எல்லாம் சேர்த்து இன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.

வாடிக்கையாளரிடமும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். டெலிவரி காப்பியில் கையெழுத்துப் போடும் முன் பார்சலைச் சுற்றிப் பார்த்து, நசுங்கலோ கிழிசலோ இருந்தால் அந்தக் காகிதத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் படம் அனுப்பினால் உங்கள் கட்சி பலவீனமாகிவிடும். மாதம் தவறாமல் அனுப்பத் தொடங்கினால், பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒன்றாகச் சரக்குப் போக்குவரத்துப் பாலிசி எடுக்கலாம், ஒவ்வொரு எல்.ஆருக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பெங்களூருக்கு அனுப்புவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். மாநிலத்துக்கு வெளியே சரக்கு விற்றால், விற்றுமுதல் சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் சாமான் அதில் வருமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மர பர்னிச்சருக்கு வரி 18 சதவீதம். லாரிக் கூலியை உங்கள் பில்லிலேயே சேர்த்து வாங்கினால் அந்தக் கூலிக்கும் அதே 18 சதவீதம் விழும். பட்டறையில் ஒப்படைப்பதோடு உங்கள் விலை முடிகிறது என்று பேசி, 'டு பே' முறையில் வாடிக்கையாளரே லாரிக்காரருக்குக் கூலியைக் கட்டினால் அது உங்கள் பில்லில் வராது. இதையும் ஆடிட்டரிடம் கேட்டு ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு) தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் தேவை, வெளிமாநிலத்துக்கு 50,000க்கு மேல். 32,000 ரூபாய் செட்டுக்கு இரண்டிலும் வராது. ஆனால் கட்டிலும் மேஜையுமாக ஒருவரே 60,000க்கு வாங்கினால் பெங்களூருக்கு இ-வே பில் போட்டுத்தான் வண்டியை விட வேண்டும். அது இல்லாமல் வழியில் அதிகாரிகள் நிறுத்திவிட்டால், அபராதத்தோடு வண்டி நிற்கும் நாள் வாடகையையும் உங்களிடம்தான் கேட்பார்கள்.